இணையவழிச் சேலை வணிகத்தில் குவியும் படங்களையும் பில்களையும் ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி?

இளம்பிள்ளையிலும் சின்னாளபட்டியிலும் சேலைகளை எடுத்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்றுவருவதாகவும், கைபேசியின் சேமிப்பிடம் அடிக்கடி நிறைந்துவிடுவதாகவும், பணம் கட்டியவரின் ஆர்டரே சில நேரம் கண்ணில் படாமல் போய்விடுவதாகவும், ஆடிட்டர் ஒரு பில்லைக் கேட்டால் அரை நாள் தேட வேண்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எதை முதலில் அழிப்பது, எந்தச் செயலியை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம், எந்தச் செயலியையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் சேமிப்பிடம் நிறைவது மட்டும்தான் கோப்புகள் அதிகமாக இருப்பதால் வருவது. மற்ற இரண்டும், ஆர்டருக்கும் பில்லுக்கும் இதுதான் இடம் என்று ஓர் இடம் வகுக்கப்படாததால் வருபவை. கைபேசியை முழுக்கத் துடைத்தாலும் அவை இரண்டும் அடுத்த மாதமே திரும்பி வரும்.

ஒரே ஒரு சேலை விற்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்து விலை கேட்கிறார். நீங்கள் நான்கு நிறங்களின் படங்களை அனுப்புகிறீர்கள். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். முகவரியை மூன்று செய்திகளாக அனுப்புகிறார். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் வருகிறது. மறுநாள் நீங்கள் கூரியர் ரசீதைப் படமெடுத்து அனுப்புகிறீர்கள். இத்தனையும் ஓர் உரையாடலுக்குள் சிதறிக் கிடக்கிறது. அந்த உரையாடலோ, கடைசியாகப் பேசியவர் மேலே வரும் பட்டியலில் இருக்கிறது. ஆகவே பணம் கட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பவர் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகிறார். வெறுமனே விலை விசாரித்தவர் மேலே வந்து நிற்கிறார். வணிகத்துக்கு வேண்டிய வரிசைக்கு இது நேர் எதிரான வரிசை. உங்கள் ஆர்டர்கள் தவறுவதற்குக் காரணம் உங்கள் மறதி என்று நான் நினைக்கவில்லை. இந்த வரிசைதான் காரணம். பழைய ஜவுளிக் கடைகளில் கல்லாவில் நடக்கும் பேச்சு வேறு, அன்றன்றைய சிட்டையும் அதிலிருந்து ஏறும் பேரேடும் வேறு. வாட்ஸ்அப் உங்களுக்குக் கல்லாப் பேச்சு. அதையே பேரேடாகவும் வைத்துக்கொண்டிருப்பதிலிருந்துதான் மற்ற குழப்பங்கள் எல்லாம் கிளைக்கின்றன.

ஆகவே முதல் வேலை ஓர் ஆர்டர் பதிவேடு. கூகுள் ஷீட்ஸ் போதும். எக்செல் பழக்கமென்றால் அதுவும் போதும். நீளக் கணக்கு நோட்டில் எழுதுவதுதான் வசதி என்றால் அதிலும் தவறில்லை. ஓர் ஆர்டருக்கு ஒரு வரி. வரிசை எண், தேதி, பெயரும் முகவரியும், கைபேசி எண், சேலையின் கோடு (அதாவது அடையாளக் குறியீடு), தொகை, பணம் வந்ததற்கான யூபிஐ எண், அனுப்பிய நாள், டிராக்கிங் எண், தற்போதைய நிலை ஆகிய பத்துப் பத்திகளுக்கு மேல் வேண்டாம். பத்திகள் கூடினால் அவற்றை நிரப்பும் பொறுமை முதல் பண்டிகை நெரிசலிலேயே போய்விடும். பதிவேட்டில் வரி ஏறும் தருணத்தையும் ஒரே தருணமாக வகுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் வந்தபோது பதியக்கூடாது. வங்கிக் கணக்கில் பணம் வரவானதைப் பார்த்த பிறகே பதிய வேண்டும். போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்பி ஏமாற்றுவது பரவலாக நடக்கும் காலம் இது. யூபிஐ பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு; அதைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் வங்கி அறிக்கையோடு எப்போது வேண்டுமானாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம், ஸ்கிரீன்ஷாட் படத்தைக் காலமெல்லாம் காக்க வேண்டியதில்லை. வரி ஏறியவுடன் அந்த வரிசை எண்ணை வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு அவர் எப்போது விசாரித்தாலும் அந்த எண்ணைச் சொல்வார். உரையாடலில் மேலே மேலே நகர்த்தித் தேடும் வேலை நின்றுபோகும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உரையாடல்களுக்கு லேபிள் இடும் வசதி இருக்கிறது. இருபது லேபிள்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும் பணம் வரவேண்டியது, பார்சல் போட வேண்டியது, அனுப்பியாயிற்று, ரிட்டர்ன் என்ற நான்கே போதும் என்பது என் கருத்து. வாடிக்கையாளரின் ஊரையும் சேலை வகையையும் லேபிளாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் இரண்டு மாதத்தில் லேபிள் இடுவதையே விட்டுவிடுகிறார்கள். லேபிளும் பதிவேடும் முரண்பட்டால் பதிவேடு சொல்வதே சரி என்ற முடிவையும், உங்களோடு வேலை செய்பவருக்குத் தெரியும்படி இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது படங்கள். உங்கள் தொழிலில் குவியல் உண்மையிலேயே பெரிதாக இருப்பது இங்கேதான். ஒரு டிசைனுக்கு ஆறு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் முழுச் சேலை, முந்தானை, பார்டர், பிளவுஸ் என்று நான்கு படம் என்றால் இருபத்து நான்கு படங்கள். அவற்றையே சப்ளையர் இரண்டு குழுக்களில் போடுவார். நீங்கள் ரீசெல்லர்களுக்கு அனுப்பும்போது இன்னொரு நகல் உண்டாகும். வாடிக்கையாளர்கள் ஸ்கிரீன்ஷாட்டாகத் திருப்பி அனுப்பும்போது மேலும் பல. எந்தப் படம் எந்தச் சேலை, அந்தச் சேலை இன்னும் கிடைக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால்தான் எதையும் அழிக்கத் துணிவு வருவதில்லை.

இதற்கு நான் கண்டவற்றில் மிகப் பயனுள்ள வழி, சேலைக்கு ஒரு கோடு கொடுத்து, அந்தக் கோட்டைப் படத்தின் மூலையிலேயே எழுதிவிடுவது. சப்ளையருக்கு இரண்டு எழுத்து, டிசைனுக்கு ஒரு தொடர் எண், நிறத்துக்கு ஓர் இலக்கம். இளம்பிள்ளைச் சப்ளையரின் 147ஆவது டிசைனில் மூன்றாம் நிறம் என்றால் ‘இபி-147-3’ என்றிருக்கலாம். நிறத்தின் பெயரையோ துணியின் பெயரையோ கோடாக வைக்காதீர்கள்; நீங்கள் ‘ராமர் பச்சை’ என்பதை உங்கள் உதவியாளர் ‘டார்க் கிரீன்’ என்று எழுதுவார், பிறகு தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. படத்திலேயே கோடு இருந்தால், 24 மணி நேரத்தில் மறைந்துவிட்ட ஸ்டேட்டஸின் ஸ்கிரீன்ஷாட்டை ஒருவர் பத்து நாள் கழித்து அனுப்பினாலும், ‘இது இருக்கிறதா’ என்ற கேள்விக்கு நொடியில் பதில் சொல்லலாம். படக் கோப்புறைகளையும் அந்த டிசைன் எண்ணிலேயே வையுங்கள். ‘விற்பனையில்’, ‘முடிந்தது’ என்ற இரண்டே பெரிய கோப்புறைகள்; ஸ்டாக் தீர்ந்து, சப்ளையரும் மீண்டும் வராது என்று சொன்ன அன்று, டிசைன் கோப்புறையை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்திவிட வேண்டும். ‘முடிந்தது’ கோப்புறையை ரிட்டர்ன் கெடு கடந்த பிறகு தயக்கமின்றி காலி செய்யலாம். நீங்களே எடுத்த நல்ல படங்களை மட்டும் ஒதுக்கிவையுங்கள். அதே நெசவு அடுத்த ஆடிக்கோ தீபாவளிக்கோ திரும்ப வருவதுண்டு.

இனி வருபவை குவியாமல் இருக்க இரண்டு அமைப்புகளை மாற்றினால் போதும். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பிடம் குறித்த பகுதிக்குப் போய், படங்களும் வீடியோக்களும் தானாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு கைபேசி என்றால், சப்ளையர் குழுக்கள் ஒவ்வொன்றின் விவரப் பக்கத்திலும் அந்தக் குழுவின் படங்கள் கேலரியில் தெரிவதை அணைத்துவிடுங்கள். நீங்கள் விற்கத் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் உங்கள் கோப்புறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கியே அனுப்பும் என்பதால், சரிகையின் நுணுக்கம் தெரிய வேண்டிய படங்களைச் சப்ளையரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வது நல்லது.

அழிப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். கூகுள் போட்டோஸ் செயலியில் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதற்குள் ஒரு படத்தை அழித்தால் கைபேசியில் மட்டும் அழியும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, கூகுள் கணக்கில் உள்ள பிரதியும் சேர்ந்தே குப்பைத்தொட்டிக்குப் போகும். பேக்கப் ஆன படங்கள் அங்கே 60 நாள் இருக்கும், பிறகு மீட்க முடியாது. கைபேசியில் இடம் மட்டும் வேண்டுமென்றால், அதற்கென்றே அச்செயலியில் இருக்கும் ‘இடத்தைக் காலியாக்கு’ என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். அது பேக்கப் முடிந்த படங்களைக் கைபேசியிலிருந்து மட்டும் நீக்கும்.

கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்கிறது. உங்கள் வாட்ஸ்அப்பில் பார்சல் கட்டும் வீடியோக்களும், வாடிக்கையாளர்கள் அனுப்பும் அன்பாக்சிங் வீடியோக்களும் நிறைய இருக்கும் என்பதால் இந்த இடம் வேகமாகத் தீரும். தீர்ந்தால் படம் ஏறாமல் போவது சிறிய சங்கடம். ஜிமெயிலுக்குப் புதிய மின்னஞ்சலே வராமல் நின்றுவிடும் என்பதுதான் பெரிய ஆபத்து. ஜிஎஸ்டி தளத்திலிருந்து வரும் ஓடிபியும் அறிவிப்புகளும் அந்த முகவரிக்குத்தானே வருகின்றன? ஆகவே வாட்ஸ்அப் பேக்கப் அமைப்பில் வீடியோக்களைச் சேர்க்காமல் விடுங்கள். பார்சல் வீடியோக்களை ஆர்டர் எண் பெயரிட்டுக் கணினியில் தனியாக வைத்து, ரிட்டர்ன் கெடு முடிந்து ஒரு மாதம் ஆனதும் நீக்குங்கள். தகராறு நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்களின் வீடியோ மட்டும் அது தீரும்வரை இருக்கட்டும்.

பில்களைப் பற்றிச் சொல்வதானால், இங்கே எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு உங்கள் விருப்பம் விடையாகாது; சட்டமே விடை சொல்கிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், ஓர் ஆண்டுக்கான கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் வரை வைத்திருக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு. 2024-25 நிதியாண்டின் கெடு 2025 டிசம்பர் 31 என்பதால், அந்த ஆண்டின் பில்கள் 2031 டிசம்பர் 31 வரை உங்களிடம் இருக்க வேண்டும். மேல்முறையீடு, விசாரணை எதுவும் நடந்தால் இன்னும் நீளும். ஆகவே பில்கள் வாட்ஸ்அப்பிலோ கேலரியிலோ ஒரு நாள்கூடத் தங்கக்கூடாது. நிதியாண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்குள் கொள்முதல், விற்பனை, செலவு என்று மூன்று. அதற்கு மேல் ஆழமாகப் போக வேண்டாம். கோப்பின் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கி, சப்ளையர் பெயர், பில் எண் என்று முடியட்டும்: ‘2025-11-14 இபி 0382’. நாளை முன்னால் எழுதும் நம் வழக்கப்படி பெயரிட்டால் எல்லா மாதங்களின் 14ஆம் தேதிகளும் ஒன்றாகப் போய் நிற்கும்; ஆண்டை முன்னால் வைத்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். மாதந்தோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்பவரானால் விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1க்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கெடு. ஐந்தாம் தேதிக்குள் முந்தைய மாதக் கோப்புறையை முடித்து ஆடிட்டருடன் பகிர்ந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், அவர் உங்களிடம் தனித்தனி பில்லாகக் கேட்கும் நிலையே வராது.

கோப்புகளுக்கு இவ்வளவு சொன்ன நான், மின்னஞ்சலுக்கு நேர்மாறாகச் சொல்வேன்: கோப்புறைகளே வேண்டாம். ஸ்டீவ் விட்டேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 345 பேர் பழைய மின்னஞ்சல்களைத் தேடி எடுத்த 85,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைப் பார்த்தார்கள். மின்னஞ்சல்களைப் பாடுபட்டுக் கோப்புறைகளில் அடுக்கியவர்கள், தேடல் பெட்டியில் தட்டச்சு செய்தவர்களைவிட அதிக வெற்றி பெறவில்லை. நேரம்தான் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். மின்னஞ்சலில் அனுப்பியவர், தேதி, தலைப்பு எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் தேடல் நன்றாக வேலை செய்கிறது. கேலரியில் கிடக்கும் ஒரு சேலைப் படத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் படத்துக்குக் கோடும் கோப்புறையும் வேண்டும், மின்னஞ்சலுக்கு வேண்டாம். பில் இணைப்பாக வந்தால் அதைத் தரவிறக்கி மாதக் கோப்புறையில் போட்டுவிட்டு, மின்னஞ்சலைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். விளம்பர மின்னஞ்சல்களுக்குச் சந்தா நீக்கம் கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல் அங்கே நேரம் செலவிடத் தேவையில்லை.

கவனச் சிதறல் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் ஆர்டர் தவறுவதில் அதற்கும் பங்கு உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறினால், மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கி, புதிய வேலையின் தரத்தைக் குறைக்கிறது என்பதை சோஃபி லெராய் 2009இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை காட்டியது. முகவரி எழுதிக்கொண்டிருக்கும்போது சப்ளையர் குழுவின் புதுச் சேலைகளைப் பார்க்கத் திரும்புவது இப்படிப்பட்ட மாற்றம்தான். வீட்டு எண் மாறிப்போவது அப்போதுதான். சப்ளையர் குழுக்களைக் காப்பகப்படுத்திவிட்டால் புதிய செய்தி வந்தாலும் அவை மேலே வராது. அவற்றைத் திறக்க நாளில் இரண்டு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் கட்டும் நேரம் கூரியர்காரர் வரும் நேரத்தை ஒட்டித்தான் அமையும். அந்த இரண்டு மணி நேரமும் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும், பதிவேடு மட்டும் கணினியிலோ தாளிலோ முன்னால் இருக்கட்டும். பதில் தாமதமானால் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற அச்சம் நியாயமானதுதான். வாட்ஸ்அப் பிசினஸில் அந்த நேரத்துக்குத் தானியங்கி பதில் வைத்து, எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று அதில் குறிப்பிட்டால் பெரும்பாலோர் காத்திருப்பார்கள்.

பதிவேடும் பில் கோப்புறையும் உருவான பிறகு அவற்றுக்குப் பிரதி வேண்டும். புகைப்படக்காரர் பீட்டர் கிரோக் பரப்பிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புகளில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு அது கணினி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், கூகுள் டிரைவ் என்று அமையும். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் வெள்ளம் புகுந்தபோது கணினியும் ஹார்ட் டிஸ்கும் ஒரே மேசையில் இருந்தவர்களுக்கு இரண்டுமே போயின. வாட்ஸ்அப் பேக்கப்பை இதில் ஒரு பிரதியாகக் கணக்கிடாதீர்கள்; கூகுள் கணக்கில் இருப்பது கடைசி பேக்கப் மட்டுமே, நீங்கள் இன்று அழித்தது நாளைய பேக்கப்பில் இருக்காது.

உதவியாளர் யாராவது இருந்தால், உங்கள் கைபேசியை அவரிடம் கொடுத்து வேலை வாங்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். அவருடைய கருவியை இணைத்து, வேலையை விட்டுச் சென்ற அன்றே துண்டித்துவிடலாம். வாடிக்கையாளர்களின் முகவரிகளும் எண்களும் அவருடைய சொந்தக் கைபேசியில் தங்கக்கூடாது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெற்ற நோக்கம் முடிந்து வேறு சட்டக் கடமையும் இல்லையென்றால் தரவை அழிக்கச் சொல்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நம்மை நம்பி வீட்டு முகவரியைக் கொடுத்த பெண்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதையும் அதுதான். ஆதார் அட்டையின் படத்தையே முகவரிக்காக அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அதைப் பார்த்து முகவரியைப் பதிவேட்டில் எழுதியதும் படத்தை உடனே நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, இப்போதே குவிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான பழைய படங்களை என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க உட்காராதீர்கள். அது வாரக்கணக்கில் இழுக்கும், நடுவில் விட்டுவிடுவீர்கள். எல்லாவற்றையும் அப்படியே ஹார்ட் டிஸ்கில் ‘பழையவை’ என்று இன்றைய தேதியிட்ட ஒரே கோப்புறைக்கு நகர்த்திவிட்டு, நகல் சரியாகத் திறக்கிறதா என்று சரிபார்த்த பின் கைபேசியைக் காலி செய்யுங்கள். இன்று முதல் வருவனவற்றுக்கு மட்டும் புதிய முறை. அந்தக் குவியலிலிருந்து நீங்கள் தேடிப் பிரிக்க வேண்டியவை இரண்டே: இன்னும் அனுப்பப்படாத, அல்லது ரிட்டர்ன் முடியாத ஆர்டர்கள், அவற்றை இன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள், மற்றது பில்கள். பில்களில் நடப்பு நிதியாண்டை முதலில் முடியுங்கள், பிறகு ஞாயிறுதோறும் ஒரு மாதம் என்ற கணக்கில் பின்னோக்கிப் போங்கள். கிடைக்காத கொள்முதல் பில்களைச் சப்ளையரிடம் இப்போதே கேட்டால் அவர் கணினியிலிருந்து எடுத்துத் தருவார். எவை குறைகின்றன என்பதற்கு ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் பெயரில் உள்ள ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை ஆடிட்டரிடம் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் எண், தேதி, தொகை எல்லாம் அதில் இருக்கும்.